மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க

அந்தக் கிழவர் தன் வாழ்நாளில் உண்மை பேசியது சம்பளத்துக்கு மட்டும்தான். பேருந்து நிலைய அறிவிப்புக் கூண்டில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும், எது இன்றைக்கு வரவே வராது என்று அறிவிக்கிற வேலை. அங்கே புளுகினால் ஜனங்கள் அவரைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு போய்க் கடாசிவிடுவார்கள். ஆகவே பகல் முழுக்க உண்மையைப் பேசிப் பேசி வாய் கசந்து, வீட்டுக்கு வந்துதான் அந்தக் கசப்பைப் போக்கிக்கொள்வார்.

அவர் குரலைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி அவரே சொன்னது. மீதிப் பாதி உண்மையாக இருக்கலாம். ஒரு தடவை மேடை எண்ணை மாற்றி அறிவித்துவிட்டாராம். மூன்றாம் மேடையில் நின்ற வண்டி, பெரியவர் வாயால் வந்துவிட்டதே என்று, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தானே உருண்டு ஏழாம் மேடையில் போய் நின்றுகொண்டதாம். இதைச் சொல்லும்போது அவருக்கு இமைகூட ஆடாது. கேட்கிறவன் சிரித்தால், "என்னப்பா, நான் என்ன சொல்லிட்டேன்னு சிரிக்கிற?" என்று மனசு நொந்துபோவார். ஓய்வு பெற்ற பிறகு முடிதிருத்தும் கடை பெஞ்சுதான் அவர் மேடை. யாராவது சவரத்துக்கு உட்கார்ந்தால் மட்டும் கடைக்காரர், "அனவுன்சரே, கத்தி கழுத்துல இருக்கு, கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்பார். அந்த ஊரில் அவர் வாயை மூடவைத்த ஒரே ஆயுதம் அது.

ஆனால் அவர் விட்ட கப்சாக்களிலேயே பெரியது எது என்று கேட்டால் பெஞ்சே ஒரே குரலில் சொல்லும்: "இந்த ஊர்ல என்னைக் கேக்காம ஒருத்தனும் மூச்சு விடறதில்ல." இதற்கு மட்டும் கடைக்காரரே கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

துரதிர்ஷ்டம் என்னவென்றால், அது உண்மை.

அவருக்கு ஒரு சமயம் இருமல் நிற்காமல் போய், பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் இயந்திரம் என்பது ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வெள்ளை வளையம். அதற்குள் கட்டில் தானே போய் வரும். மூச்சை எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று இயந்திரமே பேசும். அந்த இயந்திரமோ எங்கேயோ வெளிநாட்டில் செய்தது. அதற்குள்ளிருந்த பெண்மணி தனக்குத் தெரிந்த பாஷையில் மரியாதையாக ஏதோ சொல்வாள். படுத்திருப்பவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதில் வணக்கம் சொல்வார். படம் கலங்கிப் போகும். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் இளைஞர். மாணவனாக இருந்த காலத்தில் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து வளர்ந்தவர். கிழவர் "எங்க தம்பி படுக்கணும்?" என்று கேட்ட மாத்திரத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அய்யா, நீங்க பஸ் ஸ்டாண்ட் குரல்தானே? உங்க குரலக் கேட்டா இன்னிக்கும் எனக்கு ஓடத் தோணுது."

இருமலில் ஒன்றுமில்லை என்று வந்தது. குரலில் நிறைய இருக்கிறது என்று டெக்னீஷியன் முடிவு செய்தார். மேலிடத்தில் அனுமதி வாங்கி, கிழவரை மைக் முன்னால் உட்காரவைத்து மூன்று வரி பதிவு செய்தார்கள். 'மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. இப்போ விடுங்க.' அன்று முதல் அந்த அறையில் படுக்கிறவர்கள் எல்லாரும் அவர் சொன்னால்தான் இழுத்தார்கள், அவர் சொன்னால்தான் விட்டார்கள். கிழவர் இதைப் பெஞ்சில் வந்து ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை.

இனி பேத்தியைப் பற்றி.

அவளுக்கு ஆறு வயது. மகளுடைய ஒரே பெண். வீட்டில் பேர் விசில். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வரும். பிறந்த அன்றைக்கே வந்தது. சில குழந்தைகளுக்கு அப்படித்தான், வளர வளரப் போய்விடும் என்றார்கள். அது அவளோடு சேர்ந்து வளர்ந்தது. ஆஸ்துமா என்றார் ஒருவர். அலர்ஜி என்றார் இன்னொருவர். தலையணையை மாற்று என்றார் மூன்றாமவர். ஊதுகிற மருந்து, குடிக்கிற மருந்து, ஆவி பிடிக்கிற மருந்து எல்லாம் ஆயிற்று. சளி பிடித்தால் உதடு நீலமாகும். ஆஸ்பத்திரி. தேறி வருவாள். மறுபடி சளி. கண்ணாமூச்சி ஆடினால் பாவம், எங்கே ஒளிந்தாலும் முதலில் அகப்படுகிறவள் அவள்தான். "விசில், நீ அலமாரிக்குள்ள மூச்சு விடறது தெருவுக்குக் கேக்குது" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள்.

மகள் ஒரு பல் டாக்டரிடம் முன்மேசையில் வேலை பார்த்தாள். மருமகன் எண்ணெய்க் கப்பலில். அவர் ஃபோனில் மட்டும் இருந்தார், அதிலும் பாதி வார்த்தைகளில் மட்டும். ஆகவே பகலில் விசிலை மேய்ப்பது கிழவர் பொறுப்பு. மருந்து கொடுப்பதுதான் கஷ்டமான வேலை. அந்தக் கஷாய நிற மருந்தைக் கண்டாலே அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். கிழவர் ஒரு நாள் புட்டியை எடுத்துத் தன் பக்கம் நகர்த்தி, "இத நீ குடிக்கக் கூடாது, எனக்குத்தான்" என்றார். அவள் பிடுங்கிக் குடித்தாள். அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தாத்தா சொல்வது எல்லாம் பொய். ஆகவே தாத்தா எதைச் சொன்னாலும் தலைகீழாகச் செய்ய வேண்டும். தூங்காதே என்றால் கண்ணை மூடுவாள். உட்காராதே என்றால் உட்காருவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ராணுவத்தில்கூட இப்படி ஒரு கீழ்ப்படிதலைப் பார்த்திருக்க முடியாது.

"அப்பா, இது வேணாம்ப்பா" என்றாள் மகள். "ஸ்கூல்லயும் இப்படி எதையாவது செஞ்சு வெச்சா?"

"ஸ்கூல்ல என் குரல் இல்லியேம்மா" என்றார் கிழவர்.

கடைசியில் இதய டாக்டர் ஒருவர்தான் அவள் நெஞ்சில் கருவியை உருட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். நுரையீரலில் குறை இல்லாமல் இருக்கலாம் என்றார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஏடாகூடமாக வளைந்து மூச்சுக்குழாயை நெருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால், அதாவது அது மட்டும்தான் தப்பாக இருந்தால், அந்தக் குழாயை வெட்டி விடுவித்துவிடலாம். சத்தம் நிற்கும். மகள் வீட்டுக்கு வந்து அழுதாள். அது சந்தோஷ அழுகையா மற்றதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் 'நிற்கும்' என்று சொல்லியிருந்தார்.

ஸ்கேன் நாளில் கிழவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் காத்திருக்கும் இடத்தில் சுவர் நிறைய மீன் படங்கள் ஒட்டியிருந்தன. வாலையும் கண்ணையும் முந்தி வந்த குழந்தைகள் பிய்த்துவிட்டதால் அந்தக் கடலில் முழு மீன் ஒன்றுமில்லை. நர்ஸ் விசிலை எடை பார்த்து, கை நரம்பில் ஊசி ஏற்றிச் சின்னக் குழாய் ஒன்றை ஒட்டினாள். விசில் அழவில்லை. அழுதால் மூச்சு முட்டும் என்பதை அவள் பேசக் கற்கும் முன்பே கற்றிருந்தாள்.

டெக்னீஷியன் அவளிடம் குனிந்து சொன்னார். "கை வழியா ஒரு மருந்து போகும் பாப்பா. உடம்பு சூடா இருக்கும், பயப்படக் கூடாது. நான் மைக்ல சொல்லுவேன், மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கணும். ஆடாம இருந்தா மயக்க மருந்தே வேண்டாம். சரியா?"

"உங்க குரல் எதுக்கு தம்பி?" என்றார் கிழவர் தனியாக இழுத்துப் போய். "என் குரலையே போடுங்க."

"சின்னப் பிள்ளைங்களுக்கு நானே பேசறதுதான் வழக்கம், அய்யா."

"என் பேத்தி. உள்ள தனியாப் படுத்திருக்கப் போகுது. தாத்தா குரல் திடீர்னு வந்தா எவ்வளவு தைரியமா இருக்கும்? அவகிட்ட சொல்லாம வெச்சிருக்கேன். நான்தான் அதுன்னு அவளுக்கே தெரியட்டும்."

டெக்னீஷியன் சரி என்று அந்தப் பதிவையே போட்டார். இப்படி ஆகும் என்று ஏன் முன்கூட்டியே யோசிக்கவில்லை என்று பிற்பாடு மகள் கேட்டாள். அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டார். ஊரே நம்பாத ஒன்றைப் பேத்தியாவது காதால் கேட்டு நம்பட்டும் என்ற ஆசை மண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வேறெதற்கும் இடமில்லை.

மகள் கதிரைத் தடுக்கும் கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே விசிலின் காலருகே நின்றாள். கிழவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், டெக்னீஷியனின் நாற்காலிக்குப் பின்னால். கட்டில் உள்ளே போயிற்று. மருந்து ஏறத் தொடங்கியது. விசில் "சூடு" என்றாள். அம்மா காலைத் தடவிக் கொடுத்தாள்.

அப்போது வளையம் பேசியது.

"மூச்சை நல்லா இழுங்க."

கிழவர் பேத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் அகன்றது. யார் என்று தெரிந்துவிட்டது. முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. அது என்ன மாதிரிச் சிரிப்பு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மருந்துப் புட்டியைப் பிடுங்கும்போது வருகிற சிரிப்பு.

போர்வைக்குக் கீழே அவள் நெஞ்சு மெல்ல அமிழ்ந்தது. இருந்த காற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒட்டிய வயிற்றோடு, டெக்னீஷியன் சொன்னபடி ஒழுங்காக, ஆடாமல் அசையாமல் கிடந்தாள்.

"அப்படியே பிடிங்க" என்றார் கிழவர் உள்ளேயிருந்து. வெளியே நின்ற கிழவருக்கு வாய் வரவில்லை. நான்கு தெரு கேட்கக் கத்திய வாய் அது. கத்தியிருந்தாலும் பயனில்லை. வளையம் ஒரு சுற்றுச் சுற்றி வேலையை முடித்துவிட்டது. மருந்து ஓடுகிற கணத்தைப் பிடிக்கிற வேலை. நின்று யோசிக்காது.

"அய்யா" என்றார் டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி. "பாப்பா மூச்ச விட்டுருச்சு."

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். "அப்பா! உங்க குரலா அது? உங்க குரலா?"

"தாத்தா, கரெக்டா செஞ்சேனா?" என்றது விசில்.

படம் பார்க்கும் டாக்டரம்மா பக்கத்து இருட்டறையிலிருந்து, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியபடி வந்தார். வந்தவர் திட்டத்தான் வந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது. திரை முன்னால் வந்ததும் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். படத்தை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், மறுபடி மேலே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மூச்சுக்குழாய் எங்க?" என்றார்.

டெக்னீஷியன் விரலால் காட்டினார். கிழவரும் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. கதவிடுக்கில் வெளிச்சம் தெரியுமே, அந்த அளவுக்கு. வெளிச்சத்துக்குப் பதில் இருட்டு.

"இன்னொண்ணு வேணும்" என்றார் டாக்டரம்மா. "அந்த இடம் மட்டும். எவ்வளவு கம்மியா முடியுமோ அவ்வளவு கம்மியான கதிர்ல. மருந்து வேண்டாம். இந்தத் தடவ நிஜமாவே இழுத்துப் பிடிக்கணும். நீங்களே சொல்லுங்க, தம்பி." பிறகு கிழவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரு?"

"தாத்தா" என்றார் கிழவர். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் அப்போதே கவலைப்பட்டிருப்பார்கள்.

டெக்னீஷியன் மைக்கில் சொன்னார். விசில் இழுத்துப் பிடித்தாள். கோடு இருந்த இடத்தில் கறுப்பு வட்டம் வந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் நசுங்கிய வட்டம், ஆனால் வட்டம்.

டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலில் ரத்தக்குழாயைச் சிவப்பாக வரைந்து சுழற்றிக் காட்டினார். ஒன்றாக வளைந்து இறங்க வேண்டியது, இவளுக்கு இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் நடுவில் வைத்துக் கட்டிப்பிடித்து, முதுகுப் பக்கம் போய் மறுபடி ஒன்று சேர்ந்திருந்தது.

"இந்த ரத்தக்குழாய் வளையத்ததான் இதய டாக்டர் சந்தேகப்பட்டாரு. சரியாத்தான் சந்தேகப்பட்டிருக்காரு. ஆனா இதப் பாருங்க. இழுக்கறப்ப மூச்சுக்குழாய் திறந்திருக்கு. விடறப்ப மூடிக்குது. வளையத்துக்குள்ளயே இத்தன வருஷம் இருந்து குழாயோட சுவரே தொளதொளன்னு ஆயிருச்சு. எப்பவும் நாங்க இழுத்துப் பிடிக்கறப்ப மட்டும்தான் எடுப்போம். அப்படி எடுத்திருந்தா இது தெரிஞ்சிருக்காது. வளையத்த வெட்டியிருப்பாங்க, சத்தம் அப்படியேதான் இருந்திருக்கும்."

"அப்ப இப்படி ஆனது நல்லதா, டாக்டர்?"

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்சிருச்சு" என்றார். "நல்லதுன்னு சொல்ல மாட்டேன்."

மகள் அதற்குப் பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப வளையத்த எடுத்தா நிக்காதா?"

டாக்டரம்மா கண்ணாடியைத் திரும்பத் தலைமேல் ஏற்றிக்கொண்டார்.

கிழவரின் கையில் இப்போது ஒரு கதை இருந்தது. பேத்தி தாத்தாவை நம்பாததால் நோய் அகப்பட்டது. ஒரு சொல்லும் திரிக்க வேண்டாம், அப்படியே சொல்லலாம். பெஞ்சு விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் கடைக்குப் போனார். உட்கார்ந்தார். கடைக்காரர், "என்ன அனவுன்சரே, பேத்திக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சு."

"என்ன சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க."

கடைக்காரர் கத்தி தீட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். கழுத்தில் யாருக்கும் கத்தி இல்லாத நேரத்தில் கிழவர் வாயை மூடி இருந்ததை அந்தக் கடை அன்றுதான் கண்டது.

சர்ஜன் வார்த்தைகளை எண்ணிச் செலவழிக்கிறவர். அவர் அறையில் மூன்று நாற்காலி. மகள், கிழவர், மூன்றாவதில் மருமகன் சார்பாக ஃபோன்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் சர்ஜன். "வளையத்த மட்டும் வெட்டி விடலாம். எங்களுக்குப் பழகின ஆபரேஷன். குழாய் தொளதொளன்னு இருக்கறது அப்படியே இருக்கும். வயசு ஆக ஆக இறுகலாம். இறுகாமலும் போகலாம். அதுவரைக்கும் ஒவ்வொரு சளிக்கும் நீங்க இங்க ஓடி வரணும். ஓடி வர்ற அளவுக்கு நேரம் கிடைக்கணும்."

"ரெண்டாவது?"

"வளையத்த வெட்டறதோட, குழாயோட பின்சுவரை முதுகெலும்புப் பக்கமா இழுத்துத் தெச்சு வைக்கலாம். அப்ப மூடிக்காது. ஆனா நெஞ்சுக்குள்ள ரொம்ப நேரம் வேலை. ஐசியூல அதிக நாள். குரலுக்குப் போற நரம்பு அந்த இடத்தச் சுத்தித்தான் போகுது. அது அடிபடலாம். அத நான் இப்பவே சொல்லிடறேன்."

மகள் ஃபோனைப் பார்த்தாள். "என்னங்க, கேட்டீங்களா? என்ன செய்யலாம்?" கடல் நடுவே சிக்னல் மனிதர்களைவிட விவரமானது. கஷ்டமான கேள்வி வந்ததும் போய்விட்டது.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கதை இல்லாம சொல்லுங்கப்பா."

கிழவரிடம் இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை. இவர் சொல்வதைக் கேட்டு எவன் முடிவெடுப்பான்? மேசைக் கண்ணாடியில் சர்ஜனின் மின்விளக்கு நீளக் கோடாகத் தெரிந்தது. அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டார். அந்த மறைவிலும் கறுப்புக் கோடு வந்து நின்றது.

"ரெண்டையும் செய்யச் சொல்லும்மா" என்றார். "அந்த இடுக்கு வழியா அவ இத்தன வருஷம் மூச்சு விட்டிருக்கா. அதப் பாத்துட்டு, அப்படியே இருக்கட்டும்னு சொல்ல எனக்கு வரல."

"குரல்?"

"மூச்சு இருக்கட்டும் முதல்ல."

மகள் தலையாட்டினாள்.

விசிலை உள்ளே அழைத்துப் போகிற அன்று, கதவு வரைக்கும்தான் சொந்தக்காரர்கள் என்றார்கள். சக்கரக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே அவள் கேட்டாள். "தாத்தா, விளையாட்டு இல்ல. நிஜமாச் சொல்லு. வலிக்குமா?"

"வலிக்கும்" என்றார் கிழவர். "தூங்கி எழுந்தப்புறம் வலிக்கும். நிறையவே வலிக்கும்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். உதடு பிதுங்கியது. அவர் சொன்னதை அவள் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை. கதவு சாத்திய பிறகும் அழுகை கேட்டது. பிறகு அழுகை போய் விசில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெளிச்சத்தோடு உள்ளே போனவளை இருட்டிய பிறகுதான் ஐசியூவுக்குக் கொண்டுவந்தார்கள். வாயில் செயற்கை மூச்சுக்கான குழாய், நெஞ்சில் இரண்டு குழாய், கழுத்தில் ஒன்று, கையில் எத்தனை என்று எண்ண மகளுக்கு மனசு வரவில்லை. துருத்தி போல ஓர் இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது. வாய்க்குழாயை முதல் முறை எடுத்துப் பார்த்தார்கள். தானாக மூச்சு நிலைக்கவில்லை, திரும்ப வைத்தார்கள். காய்ச்சல் வந்தது. போயிற்று. பக்கத்துக் கட்டிலில் அவளைவிடச் சின்னப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் காலையில் கட்டில் விரிப்பு புதிதாக இருந்தது. அவன் அம்மாவை வராந்தாவில் இரண்டு பேர் தாங்கி அழைத்துப் போனார்கள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த முறை எடுத்தபோது விசிலுக்கு மூச்சு நின்றது. அதாவது, நின்று நிலைத்தது. உள்ளே இழுத்தது, வெளியே வந்தது. சத்தமே இல்லை. நர்ஸ்கள் கூடி நின்று சிரித்தார்கள். மகள் குனிந்து, "அம்மாடி, என்ன வேணும் சொல்லு" என்றாள்.

உதடு அசைந்தது. காற்று வந்தது. குரல் வரவில்லை.

சர்ஜன் வந்து தொண்டைக்குள் பார்த்தார். ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவில்லை என்றார். மாதக் கணக்கில் ஆகும். திரும்பி வரலாம். வராமலும் போகலாம். அவர் ஏற்கெனவே சொன்னதுதான். ஆகவே கோபிக்க அங்கே ஆளில்லை. மகள் அப்பாவோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "டீ வாங்கிட்டு வரவா?" என்று கேட்டால் தலையசைப்பாள். மாற்றுத் துணிப் பையை அவர் நீட்டினால் வாங்கிக்கொள்வாள். அந்த நாட்களில் அவர்களுக்குள் பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான்.

கிழவர் வராந்தாக்களில் நடந்தார். ஒரு நாள் ஸ்கேன் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு பெரியவர் படுத்திருக்க, வளையம் பேசியது. 'மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க.' கிழவர் நின்ற இடத்திலேயே இழுத்தார், பிடித்தார். நெஞ்சு அடைத்துக் கண் இருட்டுகிற வரைக்கும், தன்னுடைய குரலே விடச் சொல்லும் வரைக்கும், அங்கேயே நின்றார். பிறகு டெக்னீஷியனைக் கூப்பிட்டு, "அத எடுத்துடு தம்பி" என்றார்.

"அய்யா, பெரியவங்களுக்கு அது ரொம்ப ஒத்துப் போகுதே."

"மிஷினோட பழைய அம்மா குரலையே போட்டுடு. அவங்க என்ன சொல்றாங்கன்னு யாருக்கும் புரியாது. அது நல்லது."

டெக்னீஷியன் சரி என்றார். எடுக்கவில்லை என்றுதான் கேள்வி.

விசிலை வார்டுக்கு மாற்றிய அன்று மத்தியானம் கிழவர் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் எதிர்ப்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விசில் விரலால் அவரைக் கூப்பிட்டாள். அவர் காதைக் கொண்டுபோய் அவள் உதட்டருகே வைத்தார். மூச்சுத்தான் வந்தது. அதைச் சொல்லாக்கிக்கொள்ள நேரமெடுத்தது. முன்பெல்லாம் அவளால் ஒரு வாக்கியத்தை நடுவில் நிற்காமல் சொல்ல முடியாது. இழுத்து, விசிலடித்து, மிச்சத்தைச் சொல்வாள். இப்போது சொல்லிக்கொண்டே போனாள். எங்கும் நிற்கவில்லை. கேட்கத்தான் ஒன்றுமில்லை.

கிழவர் நிமிரவே இல்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆவதைப் பார்த்து மகள் துணியை வைத்துவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு முழுக் கேள்வி.

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அறிவிப்புக் கூண்டில் எப்படிச் சொல்வாரோ அப்படி, எதையும் கூட்டாமல், குறைக்காமல், அவள் சொன்னதைச் சொன்னார்.

"ஐசியூல பக்கத்துக் கட்டில் பையன் சுவத்துக்குள்ள ஒரு கதவு வெச்சிருந்தானாம். யாருக்கும் காட்ட மாட்டானாம். ஒரு நாள் அதத் திறந்து உள்ள போனானாம். இவளையும் வான்னு கூப்பிட்டானாம். இவளும் கிளம்பினாளாம். ஆனா இவகிட்ட அவ்வளவு குழாய் இருந்துச்சாம். எல்லாம் கட்டில்ல மாட்டிக்கிச்சாம். அவிழ்க்க அவிழ்க்க வரலயாம். அவன் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, சரி நீ அப்புறமா வான்னு சொல்லிட்டுப் போயிட்டானாம்."

மகள் அசையாமல் கேட்டாள். "நிஜமாவே இதத்தான் சொன்னாளா? நீங்க சேக்கலியே?"

"நான் ஒண்ணும் சேக்கலம்மா."

விசில் மறுபடியும் விரலை அசைத்தாள். கிழவர் குனிந்தார். இந்தத் தடவை மகளும் எழுந்து சுற்றி வந்து, அப்பாவின் தலையோடு தலை ஒட்ட, தன் காதையும் கொண்டுபோய் வைத்தாள்.